திமிங்கலத்துக்குச் சாப்பாடு போடுகிறவள்

எதிர்வீட்டுக்காரி கேட்டது சாதாரணக் கேள்விதான். உங்கள் மருமகள் விடிவதற்குள் கிளம்பி ஓடுகிறாளே, அப்படி என்ன வேலை? மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"என் மருமக திமிங்கலத்துக்குச் சாப்பாடு போடுறா."

சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குப் புரையேறியது. வெளியே வந்து, அப்படியில்லை அத்தை, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பின்னே எப்படி? அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளறைக்குள் புகுந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவள் மறைக்க நினைத்தது திமிங்கலத்தை.

ஓர் ஆராய்ச்சிப் படகில் அவள் உண்மையில் செய்த வேலை இது. திமிங்கலம் கடலுக்கடியில் என்ன தின்கிறது என்று கூடவே மூழ்கிப் பார்க்க முடியாது. வாயைத் திற என்று அதனிடம் சொல்லவும் முடியாது. ஆனால் தின்றது எதுவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? மூச்சு வாங்க மேலே வருகிற திமிங்கலம், மறுபடி வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, சில சமயம் பின்னால் ஒரு மேகத்தை விட்டுப்போகும். கொஞ்ச நேரத்தில் அது கரைந்துவிடும், அல்லது மூழ்கிவிடும். அதற்குள் படகின் ஓரத்தில் வயிற்றை அழுத்திக் குனிந்து, நீளக் கம்பில் கட்டிய மெல்லிய வலையால் அள்ளி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடவேண்டும். அதில் இவளை மிஞ்ச ஆளில்லை. படகோட்டி மாமாதான் வலைராணி என்று பெயர் வைத்தார். படகில் அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். கரையில் கால் வைத்ததும் பெருமை எங்கே போகுமோ தெரியாது, கூச்சம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த வாடையைப் பற்றியும் சொல்லவேண்டும். மூடிக் கிடந்த மீன் கடையையும் கழுவாத நாய்க் கூண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் வரக்கூடிய வாடை. தலைமுடியில் ஏறினால் லேசில் இறங்காது. அவள் படகுக் கொட்டகையிலேயே குளித்து, உடை மாற்றி, அழுக்குத் துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். தானே துவைத்துக்கொள்வதாக எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமியார் விடவில்லை. களைத்து வருகிறாய், போய் உட்கார் என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். மீன் வாடை அத்தை, என்றாள் இவள் முதல் நாள். மாமியார் முடிச்சை அவிழ்த்து, முகத்தைக்கூடச் சுளிக்காமல், "ம்" என்றாள். அவ்வளவுதான்.

மாமியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குப் பெட்பேன் வைப்பது, எடுப்பது, துடைத்துவிடுவது, விரிப்பு மாற்றுவது. புருஷன் போனபிறகு ஒற்றை மகனை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்து, படிக்கவைத்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்த்தாள். கல்யாணப் பேச்சின்போது வலைராணியின் அம்மா மட்டும், "ஆஸ்பத்திரியில இருந்தாங்க" என்று சொந்தக்காரர்களிடம் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கேட்டவர்கள் நர்ஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். வலைராணி பக்கத்தில்தான் நின்றாள். திருத்தவில்லை. வாய் திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொள்வது அவளுக்குப் புது வழக்கமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் இன்னொன்றும் நடந்தது. மாமியார் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் திரும்பியதும் வலைராணி அதைக் கொட்டிவிட்டு, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு தண்ணீர் பிடித்துக் குடித்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை தானாகச் செய்தது. ஒரே ஒரு தடவைதான். பிறகு மறந்தும் போனாள்.

திமிங்கலத்துக்குச் சாப்பாடு போடுகிற செய்தி தெருவில் பரவியபின் வேடிக்கைக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுக்காரி மிஞ்சிய ரொட்டியைப் பொட்டலம் கட்டி அனுப்பினாள், புண்ணியமாகப் போகட்டும் என்று. மாமியார் அதை வாங்கி முகத்தில் சிரிப்பே இல்லாமல் மருமகளிடம் கொடுத்தாள். "பல்லில்லாததுக்குப் போடு. பாவம், மென்னு தின்ன முடியாது." வலைராணி அதைக் கடல்பறவைகளுக்குப் போட்டுவிட்டு, வீட்டில் யாரும் கேட்காமலேயே, நன்றாகத் தின்றது அத்தை என்றாள். பொய் சொல்வதில் ஒரு வசதி, ஒன்று சொன்னால் போதும், மீதி தானே குட்டி போடும்.

சாப்பிடும்போது மாமியார் திமிங்கலங்களைப் பற்றி விசாரிப்பாள். வலைராணிக்கும் அதைச் சொல்வதென்றால் பசி மறந்துவிடும். உள்ளே போவதைப் பற்றித்தானே பேச்சு, வெளியே வருவதைப் பற்றியில்லையே. நீலத் திமிங்கலம்தான் எல்லாவற்றிலும் பெரியது, ஆனால் அதற்குப் பல்லே கிடையாது, மேல்தாடையில் சீப்பு மாதிரித் தகடுகள் தொங்கும் என்பாள். வாய் நிறையத் தண்ணீரை மொண்டு, அந்தச் சீப்பு வழியாக வெளியே தள்ளினால், கூனி இறால் மாதிரியான பொடிசுகள் உள்ளே தங்கிவிடும். அதைத்தான் மலை மலையாகத் தின்று அவ்வளவு பெரிய உடம்பை வளர்க்கிறது. சாம்பல் திமிங்கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடலடிச் சேற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் பூச்சிகளைச் சலித்துத் தின்னும். தலை பெருத்த எண்ணெய்த் திமிங்கலத்துக்குப் பல் உண்டு. வெளிச்சமே எட்டாத ஆழத்துக்குப் போய்க் கணவாயைப் பிடிக்கும். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் கொலையாளித் திமிங்கலம் கடல்நாயைக்கூட விடாது.

"பல்லிருக்கிறதுதான் ஆழத்துக்கும் அடிதடிக்கும் போகுது. பல்லில்லாதது கிடைச்சதை வடிகட்டித் தின்னுட்டு இருக்கிறதுலயே பெருசா நிக்குது" என்று மாமியார் தன் பல்செட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். மகன் சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது.

சாப்பாடு போடுவதற்கு முன்னால் மாமியார் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே இருக்கும் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு எல்லாம். ஆஸ்பத்திரியை விட்டாலும் ஆஸ்பத்திரி அம்மாவை விடவில்லை என்று மகன் கேலி செய்வான். வலைராணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வருடம் வளைகுடாவுக்குள் திமிங்கலங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. கூன்முதுகுத் திமிங்கலங்கள். அதே சமயம் வலைகளில் சின்ன மீன் குறைந்தது. மீனவர் சங்கத்துக்கு இரண்டையும் முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை. திமிங்கலம்தான் மீனைத் தின்றுவிடுகிறது, தண்ணீருக்குள் சத்தம் போடும் கருவிகளை இறக்கி அவற்றை விரட்டவேண்டும் என்று துறைமுக அதிகாரியிடம் மனு கொடுத்தார்கள். வயிற்றுப் பிழைப்பு, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூன்முதுகு ஒரு வினோதம். அது பொடி இறாலும் தின்னும், சின்ன மீனும் தின்னும். கீழே சுற்றிச் சுற்றி நீந்திக் காற்றுக் குமிழிகளால் வேலி கட்டி, மீன் கூட்டத்தையே வளைத்து விழுங்கும். ஆகவே இந்த வருடம், இந்த வளைகுடாவில், அது தின்றது எது என்று யாரும் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட முடியாது. வலைராணியின் ஜாடிகள்தான் சொல்லவேண்டும். அவை சொல்லவும் செய்தன. ஜாடிக்கு ஜாடி செங்கல் நிறம். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் இறால் ஓடு, இறால் கண். மீன் முள்ளோ செதிலோ தேடினாலும் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த மேடம் இதைத் தெளிவாகத்தான் எழுதி அனுப்பியிருந்தாள். காகிதத்தை யார் படிக்கிறார்கள்? ஆள் வந்து சொல்லட்டும் என்றார் அதிகாரி. கூட்டத்துக்கு முந்தின வாரம் பார்த்து மேடத்துக்கு அம்மை போட்டது. படகோட்டி மாமாவுக்கு நாலு பேர் கூடினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜாடியுடன் வலைராணிதான் போகவேண்டும் என்றாயிற்று. நீ அள்ளினது, நீயே சொல்லு, கருவி இறங்கினால் திமிங்கலம் மறுபடி இந்தப் பக்கம் வராது என்று மேடம் போனில் சொன்னாள்.

மாமியார் தானும் வரட்டுமா என்று கேட்டாள். போரடிக்கும் அத்தை, வேண்டாம் என்று வலைராணி தட்டிக்கழித்தாள். துறைமுக அரங்கின் மேடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தூக்கினால், பின்வரிசையில் இஸ்திரி போட்ட உடையில் மாமியார். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி, அவளோடு தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். சாப்பாடு போடுகிறவளைப் பார்க்க வந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கையைக்கூட ஆட்டினாள்.

வலைராணி மேடத்திடம் ஒப்பித்துப் பழகிய முதல் வாக்கியம், இது திமிங்கலத்தின் கழிவு, என்பது. எழுந்து நின்றாள். எதிர்வீட்டுக்காரி மலர்ந்த முகத்தோடு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாக்கியத்தை வலைராணி விட்டுவிட்டாள்.

"இது உணவு சாம்பிள்" என்றாள் ஜாடியைத் தூக்கிக் காட்டி. "திமிங்கலம் இருந்த இடத்துல எடுத்தது. முழுக்க இறால்தான் இருக்கு. மீன் இல்லை."

சொல்லி முடித்தபோது, பரவாயில்லை, வேலை முடிந்தது, மானமும் போகவில்லை என்று ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குள் சங்கத் தலைவர் எழுந்தார். சத்தம் போடுகிற ஆளில்லை, நிதானமானவர்.

"கடல்ல இறால் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்மா. வாளியை விட்டா யார் வேணும்னாலும் அள்ளலாம். அதைத் திமிங்கலம்தான் தின்னுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அரங்கில் ஆமாம் ஆமாம் என்று முணுமுணுப்பு எழுந்தது. கேள்வியில் என்ன தப்பு? அவள் சொன்னபடி பார்த்தால் அந்த ஜாடி எதற்கும் உதவாத ஒரு ஜாடிதான். திமிங்கலத்தின் உடம்புக்குள் போய் வந்ததால்தான் அதற்கு மதிப்பு. அந்த ஒன்றைத்தான் அவள் மறைத்துவிட்டாள். மானத்தைக் காப்பாற்றப் போய்ச் சாட்சியைக் கொன்றுவிட்டாள். இப்போதும் காலம் போகவில்லை, ஒரே வாக்கியம்தான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் ஜாடி மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம் திமிங்கலங்களைக் கைவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். வேறு அழகான வார்த்தை இல்லை.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அய்யா, அது தண்ணியில அள்ளினதில்ல" என்றாள் மாமியார். "திமிங்கலம் வெளிக்குப் போனது. இந்தப் பொண்ணு படகுல தொங்கிக்கிட்டு, அது கரையறதுக்குள்ள வலை போட்டு அள்ளுவா. அவ துணியைத் துவைக்கிறவ நான். மூடியைத் திறந்து பாருங்க, தெரியும்."

அரங்கே சிரித்தது. எதிர்வீட்டுக்காரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரொட்டி ஞாபகம் வந்திருக்கும். மாமியார் சட்டென்று உட்கார்ந்து மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் திரும்பிப் பார்த்ததில் அவளுக்கும் கூசியிருக்கவேண்டும்.

சங்கத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு வந்து ஜாடியை வாங்கி மூடியைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி குனிந்து, வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தைப் பார்த்தார். மீன் தின்றிருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதற்கப்புறம் வலைராணியின் வாய் திறந்தது. நிறம் வேறு, உள்ளே முள் கிடைக்கும், செதில் கிடைக்கும், எந்த மாதம் எந்த இடத்தில் எடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவமானம் முழுவதும் நடந்து முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்குப் பயம்? கடைசியில் தலைவர், மீன் வேறெங்கோதான் போயிருக்கிறது, அதைப் பார்க்கவேண்டும் என்று தன் ஆட்களிடம் சொன்னார். கருவி இறக்கும் மனுவைத் தள்ளுபடி செய்வதாக அதிகாரி அறிவித்தார். திமிங்கலங்கள் தப்பித்தன. தப்பிக்கவைத்தது அவளில்லை.

தெருப் பெண்கள் கடைக்குப் போகவேண்டும் என்று முன்னாலேயே நழுவிவிட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மாமியாரும் மருமகளும் மட்டும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஜாடி.

எப்போதிலிருந்து தெரியும் என்று வலைராணி கேட்டாள். முதல் நாள் துணியிலேயே என்றாள் மாமியார். வார்டிலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு மீன் வாடைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதா?

"அப்புறம் ஏன் சாப்பாடு போடுறேன்னு சொன்னீங்க?"

"நீ சொல்லக் கூச்சப்பட்ட. எதிர்வீட்டுக்காரி கேட்டுட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ஒரு முனையில போனாத்தானே மறுமுனையில வரும், பெரிய பொய்யில்லைன்னு நினைச்சேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலைராணி கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மாமியார் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காத" என்றாள். "கடல்ல கிடக்கிற ஒரு மிருகத்தோடது. அதைச் சொல்லவே உனக்கு உசுரு போகுது. நான் அத்தனை வருஷம் அள்ளினது மனுஷனோடது. என் கையால உனக்குச் சாப்பாடு போடுறப்ப உனக்கு எப்படி இருக்கும்?"

குரலில் கோபமோ குத்தலோ இல்லை. வெகுநாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை அத்தை என்று வலைராணி உடனே சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து அந்த டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. சோப்பு நுரை, குழாய் ஓடும் சத்தம், முதுகுக்குப் பின்னால் கதவருகே யாரோ வந்து நின்று திரும்பிப்போன மாதிரி ஒரு நிழல். அன்று அதைப் பொருட்படுத்தவில்லை.

"அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்று அவள் சொன்னபோது பஸ் வந்து நின்றிருந்தது. சொன்னது பஸ் சத்தத்தில் மாமியாருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் மகன் கடையிலிருந்து வந்ததும் மூவரும் சாப்பிட உட்காரும் நேரம். சமையலறைக்குள்ளேயே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. மாமியார் அதைத் தாண்டி வந்து, மேஜைக்கு எதிரே இருந்த குழாயைத் திறந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். சோப்பை எடுத்தாள். உட்கார்ந்திருப்பவளுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று முழங்கை வரை தேய்த்தாள்.

வலைராணி தினமும் பார்த்த காட்சிதான். இன்றுதான் கண்ணில் பட்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், அந்த டம்ளருக்கு முன்னால், மாமியார் அடுப்புக் குழாயில்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெடியாயிட்டாங்க ஆபரேஷனுக்கு" என்று மகன் சிரித்தான்.

வலைராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வேணாம் அத்தை. கழுவாதீங்க."

மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாள் என்று முகத்தில் தெரியவில்லை.

"பழகிப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, மற்றக் கையையும் கழுவினாள்.